கொலம்போ முழுத் தொகுப்பு: கசெற்றில் 8, பெட்டிக்குள் 69

பொருள் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பீட்டர் ஃபோக் நடித்த ‘கொலம்போ’ துப்பறியும் தொடரின் முழு டிவிடித் தொகுப்பு, பிரித்தானியாவில் விற்கிற பதிப்பு. 1968 இல் வந்த முதல் படத்திலிருந்து 2003 இல் வந்த கடைசிப் படம் வரை மொத்தம் 69, முப்பதுக்கும் மேற்பட்ட தட்டுகளில். 2019 டிசம்பரில் லண்டனில் இருந்து வந்த மச்சாள் உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். பரிசாக வந்ததால் விலை பற்றி நான் கதைக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கதைக்கலாம், ஏனென்றால் அன்றிலிருந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதற்கு முன்னால் 28 வருடம் வெறும் எட்டுப் படங்களை வைத்துக்கொண்டு இந்த மனிதரின் ரசிகனாக இருந்திருக்கிறேன்.

அந்த எட்டும் எப்படி வந்தது என்றால், 1991 அளவில் அப்பா ஒரு வீடியோ டெக் வாங்கினார். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். லண்டனில் இருந்த சித்தப்பா அங்கே டிவியில் போகிறதைப் பதிந்து நாலு கசெற் அனுப்பினார். ஒவ்வொன்றிலும் இரண்டு படம். மேலே சித்தப்பாவின் கையெழுத்தில் ‘கொலம்போ’ என்று இருந்ததைப் பார்த்து நான் எங்கள் ஊர்ப் படம் என்றுதான் நினைத்தேன். கொழும்பின் பெயரையும் அவருடைய பெயரையும் ஆங்கிலத்தில் எழுதினால் நான்காவது எழுத்து மட்டும்தான் வேறு. அப்பா அதைத் திருத்தவில்லை, “எங்கட ஊர்ப் பேர் வைச்ச ஆள், கவனமாப் பாருங்கோ” என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. லொஸ் ஏஞ்சலிஸ் பொலிசில் கொலைப் பிரிவில் ஒரு லெப்டினன்ட். கசங்கிய மழைக்கோட்டு, பாதி சுருட்டு, பழைய பேஜோ 403 கார். மற்றத் துப்பறியும் கதைகளில் யார் கொலை செய்தது என்பதைக் கடைசியில்தான் சொல்வார்கள், இதில் முதல் பதினைந்து இருபது நிமிடத்திலேயே யார், எப்படி, எதற்காக எல்லாம் எங்கள் கண்ணுக்கு முன்னால் நடந்துவிடும். அதற்குப் பிறகுதான் இவர் வருவார். எங்களுக்குத் தெரிந்தது இவருக்கு எப்படித் தெரிய வரப்போகிறது என்பதுதான் மீதிப் படம். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரண்டு நண்பர்கள் உருவாக்கிய பாத்திரம் இது. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் வரும் விசாரணை அதிகாரி பொர்ஃபீரி பெத்ரோவிச்சிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த நாவலைப் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும், குற்றவாளியோடு சிநேகமாகக் கதைத்துக் கதைத்தே அவனைத் தூங்கவிடாமல் செய்கிற வேலை.

இனி அப்பாவின் மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுத முடியாது. எனக்கும் தங்கச்சிக்கும் அந்த வயதில் ஆங்கிலம் ஓடாது, அம்மாவுக்கும் பாதிதான் விளங்கும். அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு வசனத்தையும் உடனுக்குடன் தமிழில் சொல்வார். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. தமிழில் அப்படி முடியாதே. அப்பா கொலம்போவை எல்லாரோடும் ‘நீங்கள்’ என்று கதைக்க வைத்தார், வேலைக்காரப் பெண்ணிலிருந்து கொலைகாரன் வரைக்கும். பெரிய வீட்டுக் கொலைகாரன் மட்டும் கொலம்போவைப் பார்த்து ‘வாரும், இரும், என்ன வேணும் உமக்கு’ என்று தொடங்குவான். நடுவில் கோபம் ஏற ஏற ‘நீ’ என்று இறங்குவான். கடைசியில், தான் பிடிபட்டுவிட்டது தெரிந்த நிமிடத்தில், அதே ஆள் ‘நீங்கள் எப்ப கண்டுபிடிச்சனீங்கள்’ என்று கேட்பான். கதவு வரை போய்த் திரும்பி நின்று நெற்றியைச் சொறிந்துகொண்டு கேட்கிற அந்தப் புகழ்பெற்ற கேள்வி எங்கள் வீட்டில் “மற்றது ஒண்டு, கேக்க மறந்திட்டன்” என்றுதான் வந்தது. இன்றைக்கும் தங்கச்சி டெலிபோனை வைக்கப் போகிற நேரத்தில் அதைத்தான் சொல்வாள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், எழுபதுகளின் படங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து முடித்தபோது அப்பா செய்தது சரியான மொழிபெயர்ப்பு என்று எனக்குத் தெரிந்தது. மூலத்திலேயே அது இருக்கிறது. கொலைகாரர்கள் அனேகமாக எல்லாரும் பணக்காரர்கள், படித்தவர்கள், பெயர் பெற்றவர்கள்: மருத்துவர், எழுத்தாளர், சங்கீத நடத்துனர், செஸ் சம்பியன், அரசியல் ஆள். அவர்களுடைய வீட்டு வாசலில் இந்தச் சின்ன மனிதர் மன்னிப்புக் கேட்டபடி நிற்கிறார். குரல் உயர்த்துவதில்லை, கை ஓங்குவதில்லை. துப்பாக்கியே கொண்டு திரிவதில்லை. ‘ஃபொர்கொட்டன் லேடி’ என்ற 1975 ஆம் ஆண்டுப் படத்தில் கட்டாயமாகச் செய்ய வேண்டிய துப்பாக்கிச் சுடும் பரீட்சைக்கே போகாமல் தட்டிக் கழித்துக்கொண்டு திரிவார். தொண்ணூறுகளின் கொழும்பில் இரவு கதவு தட்டிய சத்தம் கேட்டாலே அம்மா லாச்சியில் இருந்து எல்லாருடைய அடையாள அட்டையையும் எடுத்து மேசையில் வரிசையாக வைப்பார். அந்த வீட்டில் இருந்துகொண்டு, “உங்களைக் கரைச்சல்படுத்துறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று தொடங்குகிற ஒரு பொலிஸ்காரரைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்குத் துப்பறியும் படமே பிடிக்காது. இதை மட்டும் சமையலை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பார்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

முதலில் தொழில்நுட்ப விஷயம். எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று டிவிடிகளுக்கு ஒரு வலய எண் உண்டு: பிரித்தானிய டிவிடிக்கு 2, எங்கள் நாட்டுக்கு 5. அதனால் இங்கே ஓடாது என்று பயப்படத் தேவையில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நான் வாங்கிய சாதாரண பிளேயர் எல்லா வலயத்தையும் படிக்கிறது. மடிக்கணினியில் போடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும், அதில் வலயத்தை ஐந்து தரத்துக்கு மேல் மாற்ற விடாது, கடைசியாக எதில் வைத்தீர்களோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். இன்னொரு சின்ன விஷயம், காது கூர்மையானவர்களுக்கு மட்டும்: படம் எடுத்த சுருள் நொடிக்கு 24 ஃபிரேம், பிரித்தானியாவிலும் இங்கேயும் டிவி முறை நொடிக்கு 25. அந்த மாதிரி மாற்றிய படங்கள் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடும், குரலும் ஒரு இழை கூர்மையாகக் கேட்கும். எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

படம் பழைய சதுரவாக்கு வடிவத்தில்தான் வரும், இரு பக்கமும் கறுப்பாக. அதை இழுத்து அகலமாக்கிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. என் மைத்துனர் அப்படித்தான் பார்த்தார், பீட்டர் ஃபோக்கின் முகம் பலாப்பழம் மாதிரி இருந்தது. இந்தத் தொடரில் பாதி வேலை அந்த முகத்தில்தான் நடக்கிறது. மூன்று வயதில் புற்றுநோயால் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள், அதில் இருந்தது செயற்கைக் கண். அந்தச் சாய்ந்த பார்வை எங்கே பார்க்கிறது என்று கொலைகாரனுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பூஞ்சணம் பிடித்த கசெற்றில் எனக்கு இது ஒருநாளும் தெரிந்ததில்லை, டிவிடியில் முதல் தடவையாகத் தெரிந்தது. கோட்டின் நிறம்கூட இப்போதுதான் தெரிந்தது. அந்தக் கோட்டு ஃபோக்கின் சொந்தக் கோட்டு, காரையும் ஸ்டூடியோவில் நின்ற கார்களுக்குள் அவரேதான் தேடி எடுத்தாராம்.

தமிழ் உபதலைப்பு கிடையாது. எதிர்பார்க்கவும் இல்லை, ஆனால் வீட்டில் ஆங்கிலம் ஓடாத பெரியவர்கள் இருந்தால் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டிவரும். இது பேச்சிலேயே நடக்கிற தொடர், அடிதடி இல்லை, ஓடிப் பிடிப்பது இல்லை. பேச்சு விளங்காவிட்டால் ஒன்றுமே இல்லை.

இப்போது படங்கள். 1968 இல் வந்த முதல் படத்தில் இருப்பவர் நாங்கள் அறிந்த கொலம்போ இல்லை. தலை வாரியிருக்கிறார், கோட்டு கொஞ்சம் ஒழுங்காக இருக்கிறது, ஒரு இடத்தில் கொலைகாரனுக்கு உடந்தையான இளம் பெண்ணை வெருட்டிக் கத்துகிறார். எனக்கு அது அதிர்ச்சியாகவே இருந்தது. ஆனால் அதே படத்தில் கொலைகார மனநல மருத்துவர் கொலம்போவுக்கு முன்னாலேயே கொலம்போ எப்படி வேலை செய்கிறார் என்று பிரித்துச் சொல்கிற ஒரு காட்சி வருகிறது: ஆட்கள் உங்களைக் குறைத்து மதிப்பிட வேண்டும் என்றுதான் நீங்கள் இப்படி நடக்கிறீர்கள் என்று. அடுத்த 35 வருடத்துக்கும் விதி அந்த இடத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. பொறுமையாகப் பாருங்கள்.

1971 செப்டெம்பரில் தொடர் முறையாகத் தொடங்கிய முதல் படத்தை இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க், அப்போது அவருக்கு 24 வயது. தொடக்கத்தில் ஒரு கார் வருகிறது, ஆனால் எங்களுக்குக் கேட்கிறது டைப்ரைட்டர் சத்தம் மட்டும். கொலை செய்யப்போகிறவன் வீதியில் வருகிறான், சாகப்போகிறவன் மேலே இருந்து எழுதிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான், ஒரு வார்த்தை இல்லாமல் நெஞ்சு இறுகும். இது எங்கள் எட்டில் ஒன்று, ஆனாலும் கசெற்றில் அந்தச் சத்தம் இரைச்சலோடு கலந்து போயிருந்தது.

1973 இல் வந்த வைன் தோட்டக்காரரின் கதையும் எட்டில் ஒன்று. டொனால்ட் பிளெசன்ஸ் நடித்த அந்த மனிதர் தன் தோட்டத்தை விற்கப் பார்த்த தம்பியைக் கொல்கிறார், தன் வைனை மட்டும் உயிருக்கு மேலாக நேசிக்கிறார். கொலம்போ அந்த வழக்குக்காக வைனைப் பற்றிப் பாடம் கேட்கப் போவார். அவர் எந்த வழக்குக்குப் போனாலும் அந்தத் தொழிலை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கற்றுக்கொள்வார், அதில் நடிப்பு எது, உண்மையான ஆசை எது என்று பிரிக்க முடியாது. இந்தப் படத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற மரியாதை மாதிரி ஒன்றை வேறு எந்தப் பொலிஸ் தொடரிலும் நான் காணவில்லை.

எட்டில் இல்லாதவற்றுக்குள் என்னை உலுக்கியது 1974 இல் வந்த ‘எ ஃப்ரெண்ட் இன் டீட்’. இதில் கொலைகாரர் பிரதிப் பொலிஸ் ஆணையாளர், கொலம்போவுக்கே மேலதிகாரி. விசாரணையை எந்தத் திசையில் கொண்டு போக வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு போட்டுக்கொண்டிருப்பவரே குற்றவாளி. கொலம்போ ‘சரி சேர்’ என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார், விடமாட்டார். எப்படிப் பிடிக்கிறார் என்று சொல்லமாட்டேன், 69 படத்திலும் எனக்குப் பிடித்த பொறி இதுதான். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலத்துக்குப் போன நாட்களில், கரண்ட் வந்த இடைவெளியில் மடிக்கணினியைச் சார்ஜ் பண்ணி வைத்து, இருட்டில் யன்னலைத் திறந்துவிட்டு அம்மாவும் நானும் இந்தப் படத்தை இரண்டு தவணையாகப் பார்த்தோம். முடிந்ததும் அம்மா, “மேலை இருக்கிறவரைப் பிடிக்கிறான், பாத்தியே” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருட்டுக்குள் இருந்தோம்.

அதற்கு அடுத்தது 1977 இல் வந்த ‘ட்ரை அண்ட் கெட்ச் மீ’. ரூத் கோர்டன் என்ற வயதான நடிகை, மர்மக் கதை எழுதுகிற கிழவியாக. தன் மருமகளைக் கொன்றவன் என்று தான் நம்புகிற ஆளை இரும்பு அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார். நியாயம் கொலைகாரியின் பக்கம் இருக்கும்போது கொலம்போ என்ன செய்வார்? வேலையைச் செய்வார், ஆனால் அந்த முகத்தைப் பாருங்கள்.

எல்லாம் பொன் என்று சொல்லவில்லை. 1976 இல் வந்த ‘லாஸ்ட் சல்யூட் டு த கொமடோர்’ எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, வழமையை மாற்றிப் பார்க்கிறோம் என்று கொலம்போவை வேறு யாரோ ஆக்கி வைத்திருக்கிறார்கள். தொடர் 1978 இல் நின்று, 1989 இல் வேறு அலைவரிசையில் திரும்ப வந்தது. பெட்டியில் முதல் பகுதி 45 படம், இரண்டாம் பகுதி 24. இரண்டாம் பகுதியில் நேரம் இழுபடுகிறது, பின்னணி இசை மலிவாகக் கேட்கிறது, சில இடத்தில் ஃபோக் தன்னையே நடித்துக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. 1992 இல் ஒரு படத்தில் கல்யாணப் பெண்ணைக் கடத்துகிறார்கள், கொலைகாரனோடு கதைத்துப் பிடிக்கிற அந்த விளையாட்டே இல்லை, பாதியில் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன். ஆனால் பற்றிக் மெகூகன் வருகிற எந்தப் படத்தையும் விடாதீர்கள். நாலு தரம் கொலைகாரனாக வந்தவர், அதில் இரண்டுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கியவர்: 1974 இல் இராணுவப் பள்ளிக்கூடக் கேணல், 1990 இல் அரசியல் செல்வாக்குள்ள சட்டத்தரணி. ஃபோக்குக்கு இந்தப் பாத்திரத்துக்கு மட்டும் நாலு எம்மி. இரண்டு பேரும் ஒரே அறையில் நிற்கும்போது மற்ற எல்லாம் மங்கிவிடும்.

ஆகவே வாங்க நினைக்கிறவர்களுக்கு: எழுபதுகளின் படங்கள் தனியாகக் கிடைத்தால் அது போதும். முழுத் தொகுப்புக்கும் தனித் தொகுப்புக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் முழுதாக எடுங்கள். இணையத்தில் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு, இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இல்லாமல் போகும், எங்கள் நாட்டில் திறக்காது என்று வரும், டேட்டாவும் போகும். தட்டு என் அலுமாரியில் இருக்கிறது.

அலுமாரி என்றதும் ஒன்று. கடல் பக்கத்தில் இருக்கிறவர்கள் தட்டுகளைத் திறந்த அலுமாரியில் வைக்காதீர்கள். உப்புக் காற்றும் ஈரமும் எங்கள் கசெற்றுகளை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும், நாலில் மூன்றைப் பூஞ்சணம் தின்றுவிட்டது. மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டிக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற அந்தச் சிலிக்கா பைகளைச் சேர்த்து உள்ளே போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு தட்டும் பழுதாகவில்லை. அட்டைப் பெட்டி மட்டும் மூலைகளில் ஊதிவிட்டது, உள்ளே தட்டுகளைப் பிடிக்கும் பிளாஸ்ரிக் பல் இரண்டு உடைந்தே வந்தது.

கடைசியாக, பூஞ்சணம் தின்னாமல் மிஞ்சிய அந்த ஒரு கசெற். மூன்று மணித்தியாலக் கசெற், அதில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிற இரண்டு படம். விளம்பரம் வரும்போதெல்லாம் சித்தப்பா நிறுத்தி நிறுத்திப் பதிந்தும் இடம் போதவில்லை. இரண்டாவதாக இருந்தது 1974 இல் வந்த ‘ஸ்வான் சோங்’. பாடகர் ஜொனி கேஷ் பாடகனாகவே நடித்த படம்: தான் ஓட்டிய சின்ன விமானத்தில் மனைவியை மயக்கத்தில் விட்டுவிட்டுப் பரசூட்டில் குதித்துத் தப்புகிறவன். கொலம்போ நெருங்கிக்கொண்டிருக்கிற இடத்தில் கசெற் முடிந்துவிடும், திரை நீலமாகிவிடும். 28 வருடமாக எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு முடிவு கிடையாது. நானும் தங்கச்சியும் அழுததால் அப்பா தானே ஒரு முடிவு சொன்னார், கொலம்போவின் நாய் மலையில் மோப்பம் பிடித்துப் பரசூட்டைக் கண்டுபிடிக்கிறது என்று. நாங்கள் அதைத்தான் நம்பி வளர்ந்தோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய முதல் கிழமை. யாரும் வெளியே போக முடியாது, காலி வீதியில் ஒரு பஸ் சத்தம் இல்லை, கடல் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்பாவுக்கு அப்போது 74 வயது. அந்தத் தட்டைத்தான் போட்டேன். இப்போது எல்லாருக்கும் ஆங்கிலம் விளங்கும், அப்பாவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கசெற் முடிகிற அந்த இடம் வந்தது. தாண்டியது. அப்பா கதிரையில் முன்னுக்கு வந்து இருந்தார். இருட்டில் மலை, இரண்டு பேர் மட்டும், கொலைகாரன் கேட்கிறான். அப்பா எங்களைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தபடியே பழைய மாதிரித் தொடங்கினார். “ஒரு கொலைகாரனோடை தனிய நிக்க உங்களுக்குப் பயமில்லையோ எண்டு கேக்கிறான்.” கொலம்போ காருக்குள் ரேடியோவைப் போடுகிறார், அவன் பாடின பாட்டு வருகிறது. “இப்பிடிப் பாடுற மனிசன் முழுக்கக் கெட்டவனா இருக்கேலாது எண்டு சொல்லுறார்.” பிறகு பாட்டு முடியுமட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, “நாய் வரேல்லை” என்றார்.